சுங்கை சிப்புட் கிளினிக்கில் அம்மாவுக்கு எடுத்த இசிஜி

14 ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள என் அம்மாவை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கிற்கு இசிஜி (இதயத்தின் மின்பதிவு) எடுக்க அழைத்துச் சென்றேன். நெஞ்சுவலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பார். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உடம்பு, வயதாகிவிட்டது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அம்மா தேங்காய் எண்ணெய் தடவியிருந்ததால் ஒட்டுவில்லைகள் பிடிக்கவில்லை. தாதி முகம் சுளிக்காமல் திரையை இழுத்து மூடி, ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்து, விலா எலும்புகளின் இடைவெளியை விரலால் எண்ணிப் பார்த்தே நெஞ்சில் ஆறும் கைகால்களில் நான்குமாகப் பொருத்தினார். இடம் பிசகினால் கோடுகளின் வடிவமே மாறிவிடும் என்பதால் இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இயந்திரம் தானாக அச்சிட்ட முடிவோடு டாக்டர் நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கேயே எடுத்த பதிவைக் கோப்பிலிருந்து எடுத்து அருகில் வைத்து, இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று கோடுகளில் முன்பு இல்லாத ஆழமான பள்ளங்களை, அதாவது கியூ அலைகளை, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். "அம்மாவுக்குத் தெரியாமலே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கலாம்" என்றார். நீண்டகால இனிப்புநீர் இதயத்துக்குச் செல்லும் நரம்புகளையும் பழுதாக்குவதால், சிலருக்கு வலி தெரியாமலே போய்விடுமாம். அவர் கடிதம் கொடுத்து அனுப்ப, ஈப்போவில் எடுத்த எக்கோவும் (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் சோதனை) அதையே உறுதிப்படுத்தியது.

இனிப்புநீர் உள்ள என் மாமாவுக்கு அங்கே எடுத்த இசிஜியில் குறை எதுவும் இல்லை. ஆனாலும், படுத்த நிலையில் எடுத்த பதிவு சரியாக இருப்பதால் மட்டும் இரத்தக் குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது என டாக்டர் விளக்கி, மாமாவின் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்த பிறகே, நடக்கவிட்டு இசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். தோட்டப்புறத்து மக்கள் வந்து போகும் ஒரு சிற்றூரில் இப்படிப் பொறுமையாகப் பார்ப்பவர் இருப்பது பெரிய ஆறுதல்.

கட்டணம் 50 ரிங்கிட். குறை ஒன்று உண்டு: பதிவு வெப்பத்தாளில் அச்சாகிறது, நாளடைவில் எழுத்து மங்கிவிடும், நாம் கேட்காவிட்டால் நகலும் தருவதில்லை. பழைய பதிவு இருந்ததால்தான் அம்மாவின் நிலை தெரிந்தது. ஆகவே அங்கு செல்பவர்கள் நகல் கேட்டு வாங்கி, தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.