டைட்டானியம் ஒட்ட: டிக்கா, லேசரா, இலத்திரன் கற்றையா?

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற மருமகன் போன விடுமுறைக்கு என் பட்டறைக்கு வந்து நின்றான். "மாமா, விமானப் பாகங்களை இப்ப லேசரால ஒட்டுறாங்கள். நாங்கள் ஏன் இன்னும் டிக்கோட நிக்கிறம்?" என்றான். டிக் என்பது டங்ஸ்டன் முனையில் மின்வில் எரித்து, ஆர்கன் வாயு மூட உலோகத்தை உருக்கி ஒட்டும் வெல்டிங் முறை. எவர்சில்வர் கைபிடியும் கேற்றும் செய்கிற எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. புல்மோட்டைக் கரையில் கறுப்பாய்க் கிடப்பது டைட்டானியத் தாதுமணல். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற நாட்டில், அந்த உலோகத்தை ஒட்டத் தெரிந்த பிள்ளைகள் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விமானத்தில் அதிகம் புழங்குவது அலுமினியம் 6 வீதமும் வனேடியம் 4 வீதமும் சேர்ந்த டைட்டானியக் கலவை. உருக 1,600 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். சூட்டில் காற்றைக் குடிப்பதுதான் அதன் கெட்ட குணம். ஏறத்தாழ 400 பாகையைத் தாண்டினால் ஒட்சிசனையும் நைதரசனையும் உள்ளே இழுத்து, நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். அதனால் ஒட்டு உறைந்த பிறகும், சூடு இறங்கும் வரைக்கும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், சூட்டிலும் உலோகத்தோடு சேராத ஆர்கன் வாயு மூடியிருக்க வேண்டும். எந்த முறையையும் நான் முதலில் இந்த ஒரு கண்ணால்தான் பார்ப்பேன்.

டிக்கில் கை மெதுவாகப் போகும். வெல்டிங் டோர்ச்சுக்குப் பின்னால் வால்போல ஓர் ஆர்கன் பெட்டியை இழுத்துக்கொண்டு போகலாம். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கம்பி கொடுத்து நிரப்பலாம். ஆனால் வெப்பம் அதிகம் ஏறும். தகடு கோணும், உலோகத்தின் உள்ளிருக்கும் படிக மணிகளும் பருக்கும்.

லேசர் கற்றை ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய புள்ளியில் குவிகிறது. அந்த இடத்து உலோகம் ஆவியாகி ஒரு நுண்துளை திறக்க, அதன் வழியே கற்றை அடிவரை இறங்கும். ஒட்டு ஒடுக்கமாகவும் ஆழமாகவும் வரும். மெல்லிய தகட்டில் நிமிடத்துக்கு மீற்றர் கணக்கில் ஓடும், கோணலும் குறைவு. மெல்லிய பாகங்களை எண்ணிக்கையாகச் செய்யும் தொழிற்சாலைக்கு இதைத்தான் சொல்வேன்.

அந்த வேகமே தொல்லையும் தரும். கற்றை முன்னே ஓடிவிட, சூடான கோடு பின்னால் நீண்டு கிடக்கும். ஆர்கன் பெட்டியும் அதற்கேற்ப நீளவேண்டும். கைலேசரின் மூக்கில் வரும் வாயு எவர்சில்வருக்குப் போதும், டைட்டானியத்துக்குப் போதவே போதாது. இரண்டு விளிம்பும் கடைந்தெடுத்ததுபோலப் பொருந்தாவிட்டால் ஒட்டு குழிந்துபோகும். நுண்துளை நிலைகுலைந்தாலும், விளிம்பில் எண்ணெயோ ஈரமோ இருந்தாலும் உள்ளே குமிழ் தங்கும். அதை எக்ஸ்ரேயில்தான் காணலாம். கண்ணையும் மறக்கக்கூடாது. ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போய்ச் சுடும். சாதாரண வெல்டிங் முகமூடியை நம்பி அதைத் தொடவேண்டாம்.

இலத்திரன்களைக் கற்றையாகப் பாய்ச்சி உருக்கும் இலத்திரன் கற்றை முறை, வெற்றிட அறைக்குள் வேலை செய்வதால் காற்றுப் பிரச்சினையே இல்லை, தடித்த பாகத்துக்கு அதுவே மேல். 1970 டிசம்பரில் முதலில் பறந்த எஃப்-14 போர் விமானத்தின் இறக்கைகளைத் தாங்கும் டைட்டானிய நடுப்பெட்டியை அப்படித்தான் ஒட்டினார்கள். பாகம் முழுவதும் அறைக்குள் அடங்கவேண்டும், செலவும் பெரிது. எங்களுக்கு அது எட்டாது.

எந்த முறையானாலும் கழுவும் தண்ணீரில் கவனம் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் லொக்ஹீட் நிறுவனம் பிளாக்பேர்ட் உளவு விமானங்களை டைட்டானியத்தால் செய்தபோது, கோடையில் புள்ளி வெல்டிங் செய்த தகடுகள் சீக்கிரம் பழுதாயின, குளிர்காலத்தில் செய்தவை நிலைத்தன. தொழிற்சாலை இருந்த பேர்பாங்க் நகரத் தண்ணீரில் பாசிக்காகக் கோடையில் குளோரின் கூட்டியிருந்ததுதான் காரணம். பிறகு காய்ச்சி வடித்த நீருக்கு மாறினார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கிறது. உப்பிலும் குளோரின் சேர்ந்திருப்பதால், அந்தத் தண்ணீரால் டைட்டானியத்தைக் கழுவக்கூடாது.

மருமகனுக்கு டிக்கில் தொடங்கச் சொன்னேன். ஆர்கனை எப்படிப் போர்த்துவது என்று அதில் கை பழகினால், லேசருக்குப் போகும்போது பாதி வேலை தெரிந்திருக்கும். துண்டுத் தகட்டில் ஒட்டி, நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளிபோல மினுங்கினால் நல்லது, மெல்லிய வைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம் வந்தால் வாயு போதவில்லை. சாம்பலாகி வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டவேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் நிறம் போய்விடும், உள்ளே போன ஒட்சிசன் போகாது. ஆகவே தேய்க்குமுன் எனக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.