இன்சுலின் பம்ப்போடு விமானநிலையச் சோதனை: பல வருடம் பறந்த பிறகு

முதல்தடவை விமானம் ஏறப்போகும் சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஊசியை உள்ளே விடுவார்களா, இன்சுலினைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? இத்தனை வருடத்தில் அதற்காக யாரும் என்னை நிறுத்தியதில்லை. இன்சுலின் பேனா, ஊசிமுனை, விரலில் குத்தும் லான்செட், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா எல்லாம் உள்ளே இருப்பது தெரிகிற ஒரே பையில் எக்ஸ்-ரேக்குள் போய் வந்துவிடும். 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டில் மருந்துக்கு விலக்கு உண்டு. அதுவும் போக, இன்சுலின் பாட்டிலே வழக்கமாக 10 மில்லிதான், பேனாவுக்குள் இருப்பது 3 மில்லி.

தொல்லை எல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகளால்தான்: இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் பம்ப், சர்க்கரை அளவைப் பார்த்துச் சொல்லும் சென்சார்.

சோதனையில் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன: பைகளுக்கான எக்ஸ்-ரே, நடந்து கடக்கும் மெட்டல் டிடெக்டர், கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் பாடி ஸ்கேனர். மெட்ரானிக், டாண்டம் பம்ப்களை எக்ஸ்-ரேயிலும் விடக் கூடாது, பாடி ஸ்கேனருக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்று அந்த நிறுவனங்களே சொல்கின்றன. மெட்டல் டிடெக்டர் பரவாயில்லை. ஆம்னிபாட் என்ற பம்ப் போட்டவர்களுக்கு எக்ஸ்-ரே பிரச்சினையே இல்லை. சென்சார் விஷயம் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அடுத்தவர் அனுபவத்தை நம்பாமல் உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள். பையில் இருக்கும் உபரி சென்சார்களுக்கும் இது பொருந்தும். அவற்றைத் தனியாக எடுத்துக் கொடுத்து, கையால் பார்க்கச் சொல்லலாம்.

நான் செய்வது இதுதான். தட்டில் பையை வைக்கும்போதே, ஸ்கேனர் பக்கம் போவதற்கு முன்பே, "இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறேன், கழற்ற முடியாது, கையால் சோதியுங்கள்" என்று பணியாளரிடம் சொல்லிவிடுவேன். மணி அடித்த பிறகு விளக்கம் சொல்வதற்கும் முன்கூட்டியே சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்க விமானநிலையங்களில் பம்ப்பை நம்மையே தடவச் சொல்லி, பிறகு உள்ளங்கையை ஒரு துணியால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்வார்கள். கிளிசரின் கலந்த கைக் க்ரீம்கூட அந்த இயந்திரத்தைக் கத்த வைக்கலாம் என்பதால் வரிசைக்குப் போகுமுன் கையைக் கழுவிவிடுவது என் வழக்கம். சட்டையைத் தூக்கிக் காட்டக் கூச்சமாக இருந்தால் தனி அறை கேட்கலாம்.

ஒரே ஒரு விமானநிலையத்தில் மட்டும் பம்ப்பைக் கழற்றித் தட்டில் போட்டே ஆக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். வாதாடிப் பயனில்லை. மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன், அவர் வந்ததும் விஷயம் முடிந்தது. குரலை உயர்த்தாமல் கேட்டால் இது பெரும்பாலும் வேலை செய்யும்.

டாக்டர் கடிதம்? எப்போதும் வைத்திருக்கிறேன், கேட்டவர்கள் அபூர்வம். ஆனால் கேட்கும்போது அது இல்லையென்றால் பாடு. நோயின் வரலாறெல்லாம் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், என்ன கருவி, எந்த இயந்திரத்தில் அதை விடக் கூடாது, இவ்வளவு போதும்.

எதிர்பாராத எரிச்சல் ஒன்று போன். சென்சார் அளவு அதில்தான் தெரியும், அதுவோ தட்டில் போய்விடும். வரிசை நின்றுவிட்டால் சிக்னல் அறுந்து அந்தக் கோடியில் அலறிக்கொண்டிருக்கும். (பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே!) நீண்ட வரிசையில் சுகர் இறங்குவதும் உண்டு. முன்பு ஜூஸ் கொண்டுபோவேன். மருத்துவக் காரணம் சொன்னால் பல இடங்களில் அனுமதிப்பார்கள், ஆனால் பாட்டிலைத் தனியாகச் சோதிக்க நேரம் பிடிக்கும். குளுக்கோஸ் மாத்திரைக்கு மாறியதும் அந்தப் பேச்சே இல்லை.

ஐஸ் ஜெல்லையும் குறுகிய பயணங்களில் விட்டுவிட்டேன். பாதி உருகிய ஜெல் கேள்வியைத்தான் கிளப்பும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலானவை அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். வெயில் கடுமையான இடமென்றால் தண்ணீரில் நனைத்தால் குளிரும் பை இருக்கிறது, அது நன்றாகவே உழைக்கிறது.

செக்-இன் பையில் மட்டும் இன்சுலினைப் போடாதீர்கள். பை தொலைவது ஒரு பக்கம். சரக்கறைக் குளிரில் உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அந்த இன்சுலின் உதவாது, பார்த்தால் தெரியாமலும் போகலாம். தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, பாதியைக் கூட வருபவரின் கைப்பையில் வைக்கிறேன். பம்ப் கைவிட்டால் சமாளிக்கப் பேனாவும் ஊசிமுனையும் அதில் இருக்கும். உபரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் இரண்டையும் செக்-இன்னில் போட விடமாட்டார்கள் என்பதால் அவையும் கைப்பைக்குத்தான்.