குளத்துப் பந்தா, பெயிண்ட் பந்தா?

டைட்லிஸ்ட் கம்பெனியின் பழைய புரோ வி1 கோல்ஃப் பந்துகள் ஆன்லைனில் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. மைதானத்துக் குளத்திலிருந்து எடுத்துக் கழுவியது ஒன்று; மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்துப் பதித்தது இன்னொன்று. இரண்டிலும் ஆறாறு வாங்கினேன்.

பளபளப்பில் பெயிண்ட் பந்துதான் முந்தியது. சந்தேகமும் அங்கேதான் வந்தது. மொட்டைமாடி வெயிலில் சாய்த்துப் பார்த்தால், பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளின் ஓரம் மழுங்கி, அடியில் பெயிண்ட் தேங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், ‘புரோ’ பெயர்ந்து வந்தது, கீழே வேறு கம்பெனியின் எழுத்து நிழலாடியது!

குளத்துப் பந்து லேசாகப் பழுப்பேறியிருந்தது, யாரோ பேனாவில் போட்ட இனிஷியல் வேறு. ஆனால் எழுத்தும் குழியும் கூர்மை. 2021 மாடல் என்றால் 388 குழிகள் இருக்க வேண்டும். எண்ண எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் எடை. வண்ணாரப்பேட்டையில் தெரிந்த நகைக்கடை அண்ணனின் தராசில் வைத்தேன். கோல்ஃப் விதிப்படி பந்து 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, இரண்டுமே தாண்டவில்லை. “இன்னாப்பா, தங்கமா?” என்று சிரித்தார். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது.

பெயிண்ட் பந்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன். மைதானத்துக்கு ஆடப் போகும்போது பையில் குளத்துப் பந்துதான்.