சுகர் பார்டரில் இருக்கும்போது எந்த எடை குறைப்பு ஆப்? ஒன்றரை வருஷ அனுபவம்

எனக்கு வயசு 49. மதுரை அண்ணாநகரில் வீடு, கணக்கு எழுதும் உத்தியோகம், அஞ்சு பேருக்குச் சமையல். ரத்தத்தில் இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை 'பார்டர்ல இருக்கீங்க' என்பார்கள். உயரம் 158 செ.மீ., எடை 69 கிலோ. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "அஞ்சு கிலோ கொறைங்கம்மா, மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாப்போம்" என்றார்.

அதிலிருந்து மூன்று ஆப்களைப் பார்த்துவிட்டு இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன். என் வயசுக்காரர்கள், அதுவும் வீட்டில் தானே சமைக்கிறவர்கள், சந்தா கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். பார்டரில் இருப்பவருக்கு எடையையும் கலோரியையும் மட்டும் காட்டுகிற ஆப் போதாது. ஒரு வேளைச் சாப்பாட்டில் எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது என்பதை, நம் வீட்டுப் பானையில் இருக்கிற சோற்றையும் குழம்பையும் வைத்தே காட்ட வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வு 2002இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்ததில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. டாக்டர் சொன்ன அஞ்சு கிலோவுக்கு இதுதான் அடிப்படை. ஆனால் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய ஆய்வு 2006இல் வந்தபோது வேறொரு விஷயம் தெரிந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. எடையில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. தராசு முள் நகராத மாதங்களில் எனக்குத் தெம்பு தந்தது இந்தச் செய்திதான். தராசை மட்டுமே நம்புகிற ஆப், அந்த மாதங்களிலெல்லாம் நம்மைத் தோற்றவர் போல நடத்தும்.

நான் முதலில் போட்டது ஒரு வெளிநாட்டு ஆப். இட்லி என்று தேடினால் பத்துப் பதினைந்து இட்லி வந்தது. ஒன்றில் 39 கலோரி, இன்னொன்றில் அதைப்போல இரண்டு மடங்கு. பயன்படுத்துகிறவர்களே பதிவேற்றிய கணக்கு அது. எங்கள் வீட்டுக் குழித்தட்டு இட்லியும் டவுன்ஹால் ரோட்டுக் கடை இட்லியும் ஒரே எடையா என்ன? பலகாரத்துக்குப் பதில் அது சிபாரிசு செய்ததோ அவகாடோவும் கினோவாவும். உழவர் சந்தையில் கீரையும் புடலங்காயும் வாங்குகிற எனக்கு இது எதற்கு?

இரண்டாவது, நம் நாட்டு ஆப். நம் பக்கத்துச் சாப்பாடெல்லாம் பெயரோடு இருந்தது, பணியாரம், கம்மங்கூழ் வரைக்கும். அது பெரிய நிம்மதி. ஆனால் போன் நம்பர் கொடுத்த நாளிலிருந்து விற்பனை அழைப்பு ஓயவில்லை. சந்தா கட்டிய பிறகு கிடைத்த ஆலோசகர் அன்பாகப் பேசினார். ஆனால் அடிக்கடி ஆள் மாறியதால், மாதவிடாய் நிற்கிற காலம், தூக்கம் வரவில்லை, முட்டி வலி என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு 1,200 கலோரி என்று ஒரு வரம்பு போட்டுக் கொடுத்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்குத் தசை தானாகவே குறையும். அதிகம் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வதே தசைதான். அதை இழந்து எடை குறைப்பது நமக்கு நஷ்டம். இந்த வயசில் புரதம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் காட்டாத ஆப் எனக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. என் உயரத்துக்கு 62 கிலோ வரை 'ஆரோக்கியமான எடை' என்று பச்சைக் கோடு போட்டது முதல் ஆப். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 25 வரை நார்மல் என்ற வெளிநாட்டு அளவுகோல் அது. இந்தியர்களுக்கு 23க்கு மேலே போனாலே கூடுதல் எடை. என் உயரத்துக்கு அது ஏறத்தாழ 57 கிலோ. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். நமக்கு வயிற்றில்தானே முதலில் சேர்கிறது! இடுப்பளவைக் குறித்துவைக்க இடம் இருக்கிறதா என்று ஆப்பைத் திறந்ததும் பாருங்கள்.

மூன்றாவதாக வந்தது குரோனோமீட்டர். கனடாக்காரர்களுடையது, நான் இலவசப் பதிப்பைத்தான் வைத்திருக்கிறேன். இதில் நம் பலகாரங்கள் அதிகம் கிடையாது. ஆனால் நம் சமையலை நாமே உருவாக்கிச் சேமிக்கலாம். அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் எந்த ஊரிலும் அதே சரக்குதானே. நான் செய்தது இது. காலிக் குக்கரை எடை போட்டேன். 500 கிராம் அரிசியை வடிக்காமல் வேகவைத்து, சோற்றோடு மறுபடி எடை போட்டேன். வித்தியாசம்தான் சோற்றின் எடை. அந்த எடையை ஆப்பில் மொத்த அளவாகப் போட்டு, எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியில் ஒரு கரண்டி எவ்வளவு என்று நிறுத்தேன். 90 கிராம், அதாவது சுமார் 25 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் நான் போட்டுக்கொண்டிருந்தது நாலு கரண்டி. சோற்றிலேயே 100 கிராம்! சாம்பார் பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அதற்கு மேலே.

என் மதினி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு மதினி ஆப்பு, சோத்தக் கொறைன்னு அம்மா சொன்னது பத்தாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொறை என்றால் எவ்வளவு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது இரண்டு கரண்டி சோறு, இரண்டு மடங்கு பொரியல், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். சாம்பார், ரசம், புளிக்குழம்பு, கீரைக் கூட்டு என்று வீட்டில் திரும்பத் திரும்ப வருகிற சமையலை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். அதன்பிறகு தினசரிப் பதிவுக்கு ரொம்ப நேரம் பிடிப்பதில்லை.

இதோடு, வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கிற ஒரு குளுக்கோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் ஒரு குத்து. அந்த எண்ணை அந்த வேளைக் குறிப்பில் எழுதிவிடுவேன். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 171. இரண்டு இட்லி, கிண்ணம் நிறைய சாம்பார், முட்டை: 138. ஒவ்வொருவர் உடம்புக்கும் எண் மாறும். ஆனால் இப்படி எழுதிப் பார்த்த பிறகு தட்டில் என்ன வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடைக்குத் தனி ஆப் வேண்டியதில்லை, போனில் இருக்கும் அடிக்கணக்கே போதும். நான் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், 1645இல் வெட்டியது, ஏறத்தாழ 1,000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் போல வரும். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு சுற்று நடந்தால் மீட்டரில் வித்தியாசம் தெரிகிறது, ஏனென்றால் நடக்கிற கால் தசை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள். சர்க்கரைப் பொங்கல், பானகம், வெயிலுக்கு ஜிகர்தண்டா. இரண்டாவது ஆப் 'உங்கள் தொடர் பதிவு முறிந்துவிட்டது' என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. என் தோழி ஒருத்தி இப்படி வந்த ஒரு எச்சரிக்கையைப் பார்த்துத்தான் ஆப்பையே தூக்கிப் போட்டாள். விட்டுத் தொடர இடம் கொடுக்கிற ஆப்தான் வருஷக்கணக்கில் நிற்கும். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினரின் இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. பார்டரில் இருந்த, 35இலிருந்து 55 வயதுக்குட்பட்ட ஆண்களுக்குச் சாதாரண குறுஞ்செய்திதான் அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது 36 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த வசதி எதுவும் அதில் இல்லை.

என் கணக்கு இப்போது: எடை 63.5, இடுப்பு 91இலிருந்து 84, எச்பிஏ1சி 5.8. டாக்டரிடம் போகும்போது ஆப்பில் இருக்கிற உணவுப் பதிவையும் மீட்டர் எண்களையும் காட்டுகிறேன். "காலைல புரதம் கொறையுதும்மா" என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 16 மணி நேர விரதம் என்று ஆப் சொன்னால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது; சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். இலவச சோதனைக் காலம் என்று எதிலாவது சேர்ந்தால், யுபிஐயில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யுங்கள். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது.