கிளாம்ப் மீட்டர், கரண்ட் லாகர், பவர் லாகர், நிரந்தர மீட்டர்: ஆற்றல் தணிக்கைக்கு எதை எங்கே மாட்டுவது?

ஒரு கட்டடத்தின் பம்போ, ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் சில்லரோ எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு வழி இருக்கிறது. கிளாம்ப் மீட்டரால் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம். மின்னோட்டத்தை மட்டும் பதியும் சின்ன கரண்ட் லாகரைச் சில நாள் விட்டுவைக்கலாம். வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் மூன்று பேஸ் பவர் லாகரை மாட்டலாம். இல்லையென்றால் பேனலிலேயே நிரந்தர மீட்டர் பொருத்திவிடலாம். எந்தக் கருவி துல்லியமானது என்பதில்தான் பலர் வாதத்தைத் தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. அளக்கப்போகும் லோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் சாதனத்தின் சுமை, எப்படி மாறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மாறாத லோடுக்குக் கிலோவாட் காட்டும் கிளாம்ப் மீட்டரே போதும். ஒரு தளத்தின் விளக்குகள், ஒரே வேகத்தில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் போன்றவை எரிந்தால் ஒரே அளவுதான் இழுக்கும், அணைத்தால் பூஜ்யம். கிலோவாட்டை ஒருமுறை அளந்துகொண்டு, ஓடும் நேரத்தை மட்டும் ஒரு ஆன்-ஆஃப் லாகரால் பதிந்தால் கணக்கு முடிந்தது. சேமிப்பைச் சரிபார்க்க உலகெங்கும் பின்பற்றப்படும் ஐ.பி.எம்.வி.பி. நெறிமுறையின் 'ஏ' வழியும் முக்கியமான அளவை மட்டும் அளந்து, மற்றதை மதிப்பிட இடம் தருகிறது. இங்கே தப்பு நடப்பது பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். 'தினமும் பத்து மணி நேரம் ஓடும்' என்று பராமரிப்பு ஆள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டால் மீட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை.

உண்மையான போட்டி கரண்ட் லாகருக்கும் பவர் லாகருக்கும் இடையில்தான். கரண்ட் லாகர் சின்னது, விலை குறைவு, பேட்டரியில் ஓடும், ஒயரைக் கவ்வினால் போதும். ஆனால் அது தருவது ஆம்பியர் மட்டும். கிலோவாட் வேண்டுமென்றால் வோல்டேஜையும் பவர் ஃபாக்டரையும் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) நாமே வைத்துப் பெருக்க வேண்டும்; மூன்று பேஸ் என்றால் 1.73-ஆலும் பெருக்க வேண்டும். ஹீட்டருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே பவர் ஃபாக்டர் எப்போதும் ஒன்றுதான். மோட்டார் விஷயம் வேறு. 400 வோல்ட் மூன்று பேஸில் ஓடும் 11 கிலோவாட் (அது மோட்டார் வெளியே தரும் திறன்) எஸ்கலேட்டர் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் 21 ஆம்பியர், பவர் ஃபாக்டர் 0.85 என்றால் சுமார் 12.4 கிலோவாட் இழுக்கும். ஆள் ஏறாதபோது மின்னோட்டம் 9 ஆம்பியருக்குத்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரைக் காந்தமாக்கும் மின்னோட்டம் லோடு இல்லாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? அப்போது பவர் ஃபாக்டர் 0.2 வரை சரிந்துவிடலாம். அப்படியானால் உண்மையான நுகர்வு 1.25 கிலோவாட். பழைய 0.85-ஐயே வைத்துப் பெருக்கினால் 5.3 கிலோவாட் வரும். நாலு மடங்குக்கும் மேல்! அந்த எண்ணை நம்பி 'இதில் பெரிய சேமிப்பு இருக்கிறது' என்று அறிக்கை எழுதினால் பணம் போட்டவர் பிறகு கேள்வி கேட்பார்.

ஆகவே பாதி லோடிலும் வெறுமனேயும் ஓடும் மோட்டார், வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) போட்ட பம்ப், சில்லர் ஆகியவற்றுக்குப் பவர் லாகர்தான். வி.எஃப்.டி. இருக்கும் இடத்தில் அதன் உள்ளீட்டுப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வெளியீட்டுப் பக்கம் துடிப்பு துடிப்பாக வரும் அலைவடிவத்தைச் சாதாரண லாகர் ஒழுங்காக அளக்காது.

பவர் லாகர் என்று முடிவெடுத்த பிறகு, எந்த வகை சி.டி. (ஒயரைச் சுற்றி நின்று மின்னோட்டத்தை உணரும் பகுதி) என்ற கேள்வி வரும். இரும்பு உள்ளகம் கொண்ட, வாய் திறக்கும் கிளாம்ப் ஒன்று. கயிறு மாதிரி வளையும் ரோகாவ்ஸ்கி காயில் இன்னொன்று. நெருக்கமான பேனலில் மின்சாரம் பாயும் தடித்த உலோகப் பட்டையான பஸ்பாரைச் சுற்ற ரோகாவ்ஸ்கிதான் வசதி. அதில் இரும்பு இல்லாததால் பெரிய மின்னோட்டத்திலும் காந்தச் செறிவடைந்து அளவு பிசகாது. குறைந்த ஆம்பியரில் அது தடுமாறும். கடத்தி வளையத்தின் நடுவில் இல்லாமல் இணைப்புப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தாலும் அளவு கொஞ்சம் பிசகும். இரும்புக் கிளாம்ப் சின்ன லோடுக்கு நம்பகமானது, ஆனால் அதன் வாயில் தூசி படிந்து சரியாக மூடாவிட்டால் குறைத்துக் காட்டும்.

இரண்டிலும் விவரத்தாளைப் பாதி படித்துவிட்டு ஏமாறுவது சகஜம். துல்லியம் முழு அளவில் அரை சதவீதம் என்று போட்டிருக்கும். 1000 ஆம்பியர் சி.டி.யில் அது 5 ஆம்பியர். அதை 20 ஆம்பியர் லோடில் மாட்டினால் பிழை 25 சதவீதம் வரை போகலாம். சின்ன சி.டி. கையில் இல்லையென்றால், வளையக்கூடிய ஒயராக இருக்கும் பட்சத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைக் கிளாம்புக்குள் ஐந்து முறை செலுத்தி, வரும் எண்ணை ஐந்தால் வகுக்கலாம். அப்புறம் கோணப் பிழை, அதாவது மின்னோட்ட அலையைச் சி.டி. சற்று முன்னோ பின்னோ தள்ளிக் காட்டுவது. சி.டி. ஒரு டிகிரி தள்ளிக் காட்டினால், பவர் ஃபாக்டர் 0.95 உள்ள இடத்தில் கிலோவாட்டில் வரும் பிழை சுமார் 0.6 சதவீதம்தான். அதே ஒரு டிகிரி 0.5-இல் 3 சதவீதம், 0.2-இல் எட்டரை சதவீதம். நம் எஸ்கலேட்டர் இந்தக் கடைசி வரிசையில்தான் வருகிறது.

பவர் லாகரின் பெரிய பலவீனம் அதை மாட்டும் கைதான். மூன்று சி.டி.யில் ஒன்று திருப்பி மாட்டப்பட்டால், சமமான லோடில் மொத்தம் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். இரண்டு சி.டி.க்களை பேஸ் மாற்றிக் கவ்வினால் இன்னும் வேடிக்கை: கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். பூஜ்யம் வந்தாலாவது யாரும் கவனிப்பார்கள். மூன்றில் ஒரு பங்குதான் ஆபத்து, 'லோடு குறைவு போல' என்று விட்டுவிடத் தோன்றும். மூன்று பேஸிலும் கிலோவாட் நேர் எண்ணா, பவர் ஃபாக்டர் நம்பும்படி இருக்கிறதா என்று திரையில் பார்க்காமல் பேனல் கதவை மூடக்கூடாது. கரண்ட் லாகருக்கு இந்தத் திசைத் தொல்லை இல்லை. பல ஒயர் அடங்கிய கேபிளை மொத்தமாகக் கவ்வினால் இரண்டுமே கிட்டத்தட்டப் பூஜ்யம்தான் காட்டும், போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

பவர் லாகரின் வோல்டேஜ் கிளிப்புகள் உயிருள்ள முனையில் போய் அமர்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. அளவுக் கருவிகளின் மின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010 தரப்படி அந்த இடத்துக்கேற்ற கேட் III அல்லது கேட் IV என்ற பாதுகாப்பு வகை மதிப்பு கருவிக்கும் லீடுக்கும் இருக்க வேண்டும். மாட்டுபவர் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும், முடிந்தால் சப்ளையை நிறுத்திவிட்டு மாட்ட வேண்டும். அதற்கு அனுமதி கிடைக்காத பேனலில் கரண்ட் லாகரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எவ்வளவு நாள்? வார இறுதியையும் சேர்த்து ஏழு நாளுக்குக் குறையக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் பதிந்தால் 10,080 வரிசைதான், நினைவகத்துக்கு அது பாரமே இல்லை. நிமிடத்துக்குள் லோடாகி இறங்கும் கம்ப்ரஷருக்கு மட்டும் சில வினாடி இடைவெளி வேண்டும்.

ஏழு நாள் பதிவு ஏழு நாளைப் பற்றித்தான் பேசும். கோடையில் எடுத்த சில்லர் பதிவை 52-ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்கு என்று சொல்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதே நாட்களின் வெளி வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்து விரிப்பது ஓரளவு சரி. பருவத்தோடு ஏறி இறங்கும் பெரிய லோடுக்கு நிரந்தர மீட்டர்தான் பதில். செலவும் மின் நிறுத்தமும் தேவைப்பட்டாலும் அது அடுத்த ஆண்டும் பேசும். மின் நிறுவனத்தின் ஸ்மார்ட் மீட்டர் 15 அல்லது 30 நிமிடத் தரவு தருமானால் முதலில் அதை வாங்கிவிடுங்கள். எந்தக் கருவியால் என்று பிரித்துக் காட்டாது, ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கையில் ஒரு பவர் லாகரும் சில கரண்ட் லாகர்களும் இருந்தால் நான் தொடங்கும் இடம் கட்டடத்துக்குள் மின்சாரம் நுழையும் மெயின் இன்கமர். பவர் லாகரை அங்கே ஒரு நாள் மாட்டி, அதே நேரத்துக்கு மின் நிறுவன மீட்டர் காட்டும் யூனிட்டோடு ஒப்பிடுவேன். சில சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் சி.டி.யின் திசையையும் பேஸையும் பார்ப்பேன். பொருந்திவிட்டால் அதைக் கழற்றிச் சில்லருக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் விட்டுவிடலாம். கரண்ட் லாகர்களுக்கு ஹீட்டரும் ஒரே வேக ஃபேன்களும் போதும், எஸ்கலேட்டர் தன் முறைக்குக் காத்திருக்கட்டும்.