7,500 ரூபா போச்சு: வருசக் கணக்கு எண்டு காசு கேட்டாக் குடுக்காதேங்கோ

ஆத்திரத்தில கை நடுங்குது, ஆனா இண்டைக்கே எழுதோணும். கிளிநொச்சியில ஏ9 வீதிப்பக்கம் ரீலோட், போட்டோகொப்பி, போன் திருத்துற கடை ஒண்டில ஒன்லைனில படம் பார்க்கிற கணக்குக்கு எண்டு குடுத்த எங்கட 7,500 ரூபா போயிற்றுது. சீட்டு எடுத்த காசு.

‘வார் 2’ எண்ட ஹிந்திப் படம் 2025 ஆகஸ்ட் 14 தியேட்டருக்கு வந்த நேரமே மகன் கேட்டவன். யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போக வசதிப்படேல்ல. சோதனை முடியட்டும், வீட்டிலயே காட்டுறன் எண்டு வாக்குக் குடுத்தனான். அந்த வாக்குத்தான் என்னை அந்தக் கடைக்குக் கொண்டுபோனது.

“அக்கா, 7,500 தாங்கோ, ஒரு வருசத்துக்குப் பாருங்கோ. மாசம் மாசம் கட்டத் தேவையில்லை, தமிழிலயே பார்க்கலாம்” எண்டான் பொடியன். பில் கேட்டன். “பில் என்னத்துக்கு அக்கா? நானும் உங்கட மகன் படிக்கிற பள்ளிக்கூடம்தான். எங்க ஓடப்போறன்?” எண்டான். அதோட என்ர வாய் அடைஞ்சிட்டுது. என்ர போனை வாங்கி, தன்ர சேட்டு நுனியால கண்ணாடியைத் துடைச்சு, கடவுச்சொல்லையும் தானே போட்டுத் தந்தான். அந்தத் துடைப்பில நம்பினன்.

மூண்டாம் நாள் இரவுதான் படத்தைப் போட்டம். தொடக்கத்தில ஜப்பானில ஓநாய் ஒண்டோட ஹிருத்திக் வாறதும், வாள்காரரோட நடக்கிற சண்டையும் உண்மையா நல்லாத்தான் இருந்தது. பிள்ளை கதிரை நுனிக்கு வந்திட்டான். விமானச் சண்டை முடிஞ்ச கையோட படம் நிண்டுபோச்சு. கடவுச்சொல் பிழையாம்.

அடுத்தநாள் போனன். “சேர்வர் பிரச்சினை அக்கா, பின்னேரம் வேலை செய்யும்.” பின்னேரம் செய்யேல்ல. அதுக்கடுத்த நாள், “கொழும்பில இருக்கிறவர்தான் தாறவர், கதைச்சிட்டுச் சொல்லுறன்.” பிறகு என்ர இலக்கத்தை வட்ஸ்அப்பில புளொக் பண்ணிப்போட்டான். இண்டைக்குத் திரும்பவும் போய் நிண்டன். கொப்பி மெசினை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே, “இன்னொரு கணக்கு இருக்கு, 3,000 மட்டும் தாங்கோ” எண்டான். என்ர 7,500 எங்க எண்டு சத்தமாக் கேட்டன். கடையில நிண்ட நாலு சனமும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தது.

மிச்சப் படத்தை வவுனியாவில தங்கச்சி வீட்டில பார்த்தம். சொல்லத்தான் வேணும், அதுக்கு இவ்வளவு காசும் அலைச்சலும் தேவையில்லை. ஹிருத்திக்கும் ஜூனியர் என்.டி.ஆரும் போட்டிக்கு ஆடுற ஆட்டம் அருமை, ரெண்டு பேரும் சளைக்கேல்ல. ஆனா சின்ன வயசுக் கதையை நீட்டி நீட்டி, பனிக் குகைச் சண்டையை முடிக்காமல் இழுத்து, கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். கனக்க இடத்தில கிராபிக்ஸ் எண்டது அப்பட்டமாத் தெரியுது. கியாரா அத்வானிக்குப் பெரிசா வேலையே குடுக்கேல்ல. 2019இல வந்த முதல் படம் ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு கடைசிவரை பிடிச்சு வச்சிருந்தது. இதில அந்தப் பிடிப்பு இல்லை. காசைக் கொட்டி எடுத்திருக்கினம், கதைக்கு ஆரும் மினக்கெடேல்ல.

ஏமாறாமல் இருக்கிறதுக்கு விளக்கமா எழுதுவம் எண்டுதான் இருந்தனான், இப்ப மனம் ஓடேல்ல. பில் தராத கடைக்குக் காசு குடுக்காதேங்கோ. மற்றவையின்ர கணக்கில பங்கு வாங்காதேங்கோ, கடவுச்சொல்லை அவை எப்பவும் மாத்தலாம். வேணுமெண்டா உங்கட பேரில மாசத்துக்கு மாசம் நேரடியாக் கட்டுங்கோ. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 அடிக்கலாம், ஆனா பில் இல்லாமல் 7,500 குடுத்ததை நான் எப்பிடிக் காட்டுறது?

நாளைக்குக் காலமை கடை திறக்கேக்க இவரையும் கூட்டிக்கொண்டு போறன்.