சுடுதளத்தில் காதுக்கு எது: உள்ளே செருகும் இயர்பிளக்கா, காதை மூடும் இயர்மஃபா?

ரைஃபிள் வெடிச்சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். 140-லேயே காதுக்கு ஆபத்து.

விலை: ஃபோம் இயர்பிளக் சில ரூபாய்தான், அழுக்கானால் எறிந்துவிடலாம். இயர்மஃப் நூற்றுக்கணக்கில், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

மாட்டுவது: இயர்மஃப் ஒரு நொடி. இயர்பிளக்கை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் காது வாசலில் செருகிவிட்டு ‘போட்டாச்சு’ என்பார்கள். அது கணக்கில் வராது.

இடைஞ்சல்: கண்ணாடி போட்டவருக்கு இயர்மஃப் ஒத்துவராது, காம்பு ஓரமாகச் சத்தம் நுழையும். படுத்துச் சுடும்போது துப்பாக்கிக் கட்டையும் அதில் இடிக்கும்.

ரைஃபிள்காரருக்கு இயர்பிளக். சுடுதல் ஓயும்போதெல்லாம் கழற்றி மாட்டும் மேற்பார்வையாளருக்கு இயர்மஃப். கூரையுள்ள தளமா? இரண்டையும் சேர்த்தே போடுங்கள். கூடுதலாகக் குறைவது ஐந்தாறு டெசிபெல்தான், இருந்தாலும் போடுங்கள்.